ஓடைமேட்டுக் குழாய்

என் மகனே, உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. மலைக்கோயிலில் ஒன்று வைத்து அர்ச்சனை செய்துவிட்டு, இறங்கி வந்த கையோடு இதை எழுதுகிறேன். நீ கேட்டபடி வீட்டுக்குள் குழாய் போட்டாகிவிட்டது. முற்றத்தில், அம்மா நெல் அவிக்கும் இடத்துக்கு எதிர்ச் சுவரோரமாக இருக்கிறது. திருகினால் சீறிக்கொண்டு வருகிறது. ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் அண்டா நிறைந்துவிடுகிறது. பட்டணத்தில் வளர்ந்த பெண்ணை இங்கே கொண்டுவந்து தெருக் குழாயடியில் குடத்தோடு நிற்கவைக்க முடியாது என்று எழுதியிருந்தாய். நீ கேட்டதில் தப்பில்லை. ஆனால் அந்தக் குழாய் நம் வீட்டுக்கு எப்படி வந்தது என்பது உனக்குத் தெரியவேண்டும். கல்யாணச் சந்தடியில் அதைச் சொல்ல நேரம் இருக்காது. நேரம் இருந்தாலும், மாலையும் கழுத்துமாக நிற்கும் உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் கடிதம்.

பழைய கல் தொட்டி உனக்கு ஞாபகம் இருக்கும். மலையடிவாரச் சரிவில் தரையோடு தரையாகக் கட்டியிருந்தார்கள். ஆற்றங்கரைக் கிணற்றிலிருந்து ஆயில் எஞ்சின் தண்ணீரை அதில் ஏற்றும், அங்கிருந்து தெருத் தெருவாகக் குழாய் இறங்கும். கடைத் தெரு பள்ளத்தில் இருப்பதால் அங்கே தாராளமாக வந்தது. நம் தெருவில் சுமாராக வந்தது. குழாய் போய் முடிகிற இடம் ஓடைமேடு. நம் நிலத்திலும் அக்கம்பக்கத்து நிலங்களிலும் நாற்று நட்டு, களை பறித்து, அறுத்துக் கொடுக்கிற ஜனங்கள் அங்கேதான் இருக்கிறார்கள். மேடு கிட்டத்தட்டத் தொட்டி அளவுக்கே உயரம். தொட்டி ததும்பி நிற்கும் விடியற்காலையில் மட்டும் அந்தக் குழாயில் நூல் மாதிரி ஒழுகும். கடைத் தெருக்காரர்கள் எழுந்து குடம் பிடிக்க ஆரம்பித்ததும் அதுவும் நின்றுவிடும். அதற்கப்புறம் அவர்களுக்கு ஓடையில் தோண்டிய ஊற்றுதான். ஊர்க் கிணற்றில் அவர்கள் கயிறு போடக் கூடாது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வழக்கத்தை நான் உண்டாக்கவில்லை, மாற்றவும் இல்லை. ஊரில் அவர்கள் யாரையும் கேட்காமல் தங்கள் கையால் தொட்டுப் பிடிக்க முடிந்த நல்ல தண்ணீர் அந்த ஒரு குழாயில்தான் இருந்தது. அது வருகிற அழகு இப்படி.

பஞ்சாயத்து போர்டில் நான் மெம்பராகப் போனது இதற்காகத்தான் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். உன் மாமன், உன் அம்மாவின் தம்பி, என்னை இழுத்துக்கொண்டு போனான். போன பிறகுதான் இந்த எண்ணம் பிடித்துக்கொண்டது. சித்தூரிலிருந்து ஓர் ஓவர்சீயர் வந்தார். தெலுங்குக்காரர், நல்ல மனிதர். அவரை ஓடைமேட்டுக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். குழாயைத் திருகிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுல குழாய் மேல தப்பு இல்லீங்க. தண்ணி தானா மேட்டுக்கு ஏறாது. மேல இருக்கிற தண்ணி கீழ இருக்கிறத அழுத்தணும். தொட்டி தரையில குந்திகினு இருந்தா அழுத்தம் எங்கேர்ந்து வரும்? தூக்கி ஒசரத்துல வையுங்க, பெரிசா வையுங்க, அப்புறம் பாருங்க" என்றார். அப்போது யுத்த காலம். ஒரு மூட்டை சிமெண்டுக்கும் ஒரு தகடு இரும்புக்கும் பர்மிட் கேட்டார்கள். போர்டில் நான் வாய் திறக்கும்போதெல்லாம், "சண்டை முடியட்டும், பார்க்கலாம்" என்பதே பதில். சண்டை முடிந்தது. அரக்கோணம் பக்கம் கூடாரம் போட்டிருந்த பட்டாளம் காலி செய்துகொண்டு போனது. அவர்கள் விட்டுப்போன சாமான்களில், போல்ட் போட்டு இணைக்கிற இரும்புப் பலகைத் தொட்டி ஒன்று ஏலத்துக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு நானும் உன் மாமனும் ஓடினோம். துருப்பிடித்துக் கிடந்த அந்தப் பலகைகளைக் கையால் தடவிப் பார்த்தபோது, உன்னை முதன்முதலில் கையில் வாங்கிய சந்தோஷம் எனக்கு வந்தது. சிரிக்காதே. மெய்யாகவே வந்தது.

இரும்பு வந்துவிட்டது, ஆனால் அதைத் தூக்கி நிறுத்தக் கல்தூண்கள் வேண்டும். தூணுக்குக் கல் சுமக்கவும், அஸ்திவாரம் தோண்டவும் கூலி கொடுக்க போர்டில் வகையில்லை. நான் ஓடைமேட்டுக்குப் போனேன். முனியனை உனக்குத் தெரியும், நம் கழனியில் மடை கட்டுகிறவன். அவன் பெண்சாதி எல்லம்மாவும் இருந்தாள். தெரு முழுக்கக் கூடியது. "தொட்டி உசரம் ஏறினா முதல்ல உங்க குழாய்லதான் தெரியும். இது என் வார்த்தை" என்றேன். எல்லம்மாதான் கேட்டாள்: "நெசமாவே வருமா சாமி? பகல்லயும் வருமா?" வரும் என்றேன். அறுவடை முடிந்து கையில் வேலை இல்லாத அந்த நாட்களில் ஆணும் பெண்ணும் கூலி கேட்காமல் வந்து கல் சுமந்தார்கள். நெல் மண்டி வைத்திருக்கும் நம் போர்டு மெம்பர் மண்டிக்காரர் வீட்டிலிருந்தோ கடைத் தெருவிலிருந்தோ ஓர் ஆள்கூட வரவில்லை. வரச்சொல்லி நானும் கேட்கவில்லை. யாருக்குக் குறையோ அவர்கள்தானே வருவார்கள் என்று நினைத்தேன்.

திறந்த நாளில் நீயும் இருந்தாய். காலேஜ் விடுமுறைக்கு வந்திருந்தாய். அம்மா வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த, இரும்பு ஏணியில் ஏறித் தொட்டியின் விளிம்பில் போய் நின்றாய். அங்கிருந்து ரயில் புகை தெரிகிறது என்று கூவினாய். முனியனின் மகள் பொன்னி கீழே நின்று, "தண்ணி எவ்ளோ கீது அண்ணா?" என்று கேட்டாள். நீ கையை அகல விரித்து, "சமுத்திரம் மாதிரி!" என்றாய். பிறகு எல்லோரும் ஓடைமேட்டுக்கு ஓடினோம். எல்லம்மா குழாயைத் திருகினாள். முதலில் காற்று உஸ்ஸென்றது, பிறகு துருத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர் பீறிட்டு அவள் மார்பில் அடித்து அவளைப் பின்னால் தள்ளியது. "யம்மா! கை வெச்சா கையத் தள்ளுதே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பொன்னி உடுத்திய பாவாடையோடு அதன் கீழே உட்கார்ந்துவிட்டாள். நட்டநடுப் பகல். கடைத் தெருவில் அத்தனை குழாயும் திறந்திருந்தன, அப்போதும் வந்தது. ஓவர்சீயர் என் தோளில் தட்டினார். என் ஆயுசில் நான் தலைநிமிர்ந்து வீட்டுக்கு நடந்துவந்த நாள் அது. அன்றைக்கே செத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மண்டிக்காரர் ஒருநாள் போர்டில் எழுந்தார். "தொட்டி பெரிசாச்சு, அழுத்தமும் நல்லா வருது. தெருவுல வர தண்ணிய வீட்டுக்குள்ள இழுத்துக்கினா இன்னா கொறஞ்சிடும்? வீட்டுக் குழாய்க்கு வரி போடுங்க, போர்டுக்கும் வரும்படி" என்றார். நான் எழுந்தேன். "கொறஞ்சிடுங்க. வழியில வாய் திறந்துக்கினே போனா, கடைசியில இருக்கிறவனுக்கு அழுத்தம் இருக்காது. இந்தத் தொட்டிய ஏத்தினதே அவங்களுக்காக" என்றேன். "அவங்களுக்காகவா? அப்போ எங்க வரிப்பணம் யாருக்காக?" என்று இன்னொருவர் கேட்டார். கை தூக்கச் சொன்னார்கள். என் கை ஒன்றுதான் எதிராக நின்றது. உன் மாமன் தலையைக் குனிந்துகொண்டு அவர்கள் பக்கம் கை தூக்கினான். வெளியே வந்ததும், "இன்னா பாவா, ஊரோட பகைச்சிக்கினு நாம எப்படி இருக்கிறது?" என்றான். அவனிடம் எனக்குக் கோபமில்லை.

முதலில் மண்டிக்காரர் வீடு. பிறகு அவர் சம்பந்தி வீடு, பிறகு சத்திரம், பிறகு கடைத் தெருவில் வரிசையாக. வீட்டுக்குள் குழாய் வந்ததும், மனிதர்களுக்குத் தண்ணீர் என்றால் என்னவென்பதே மாறிவிட்டது. குடத்தில் பிடித்துவந்த நாளில் கால் கழுவக் கணக்குப் பார்த்தவர்கள், இப்போது வாழைக்கும் மல்லிகைக்கும் திறந்துவிட்டுத் தூங்கப் போனார்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் வந்து போனபோது தொட்டி ஒட்டக் காய்ந்தது. அதன்பின் ஓடைமேட்டுக் குழாய் எழுந்திருக்கவே இல்லை. களை பறிக்க வந்த எல்லம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "மறுபடியும் மூக்கு ஒழுவுறாப்பல ஒழுவுது சாமி. நீங்க சொன்னா கேப்பாங்களான்னு..." நான் போர்டில் சொன்னேன். எஞ்சினை அதிக நேரம் ஓட்டலாம் என்றார்கள். ஓட்டினார்கள், கிணறு அடி தட்டியது. மழையும் இரண்டு வருஷமாகச் சரியில்லை. வீட்டுக் குழாய்களைக் கொஞ்ச நேரம் அடைத்து வைக்கலாம் என்றேன். அடைக்கிற சாவி யார் கையில் இருப்பது என்று பேசியே அந்தக் கூட்டம் கலைந்தது. நான் எழுதிய மனுக்களுக்கு மேலிடத்திலிருந்து வந்த பதில் எல்லாம் ஒன்றேதான்: ஊருக்குப் புதுத் தொட்டி கொடுத்தாகிவிட்டது, குறை தீர்ந்தது.

அந்தச் சித்திரையில் ஓடைமேட்டில் வாந்திபேதி கண்டது. நீ அப்போதுதான் பட்டணத்தில் உத்தியோகத்தில் சேர்ந்திருந்தாய். உன் மனசைக் கலைக்கக் கூடாது என்று நான் எழுதவில்லை. ஓடை ஊற்றில் மாடும் மனிதரும் ஒரே பள்ளத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் நம் கழனியில் கட்டுத் தூக்கிய பொன்னி, மாலையில் கண் உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். நான் வைத்தியரை அழைத்துக்கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. அவளோடு இன்னும் சிலரும் போனார்கள். பிறகு சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார், ஊசி போட்டார், ஊற்றில் மருந்துத் தூள் கொட்டினார், "குழாய்த் தண்ணி இருக்கச்சொல்ல ஏன் இதைக் குடிக்கிறீங்க?" என்று அதட்டிவிட்டுப் போனார். நான் முனியன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். "முனியா, நான் சொன்ன வார்த்தை..." என்று ஆரம்பித்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு, "எம்மாம் ஒசரமா கட்டிட்டோம் சாமி. இங்க வாசப்படியில குந்தினாலே தெரியுது" என்றான். குத்திக் காட்டுவதற்காக அவன் அதைச் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னான். நான் திரும்பிப் பார்த்தேன். வெயிலில் தொட்டி பளபளவென்று நின்றது.

இதற்குப் பிறகு உன் கடிதம் வந்தது. நான் உன் அம்மாவிடம், "இந்த வீட்டுக்குக் குழாய் வேண்டாம்" என்றேன். ஓடைமேட்டுக் கதையெல்லாம் அவளுக்குத் தெரியும் என்பதால், புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். அவள் சமையற்கட்டிலிருந்து வெளியே வந்தாள். முழங்காலில் துணி சுற்றியிருந்தாள், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். "ஊருக்குத் தொட்டி கட்டினீங்களே, இத்தினி வருசத்துல எனக்கு ஒரு கொடம் தூக்கிக் குடுத்தீங்களா?" என்று கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. "கல்யாணம் ஆயி வந்த நாளா நானேதான் தூக்கிக்கினு கீறேன். உங்க அம்மாவுக்குத் தூக்கினேன், புள்ளைக்குக் காய்ச்சல்னு படுத்தப்போ தூக்கினேன், போர்டுக்காரங்க வந்து காப்பி குடிச்சப்போ தூக்கினேன். கால் போச்சு. எல்லார் வீட்டுலயும் கீது. நம்ம வீட்டுல இல்லன்னா அந்தத் தண்ணி ஓடைமேட்டுக்கா போவுது? மண்டிக்காரர் வீட்டு வாழைக்குப் போவுது." மகனே, என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நியாயம் ஓர் இடத்தில் மட்டும் இருந்தால் மனிதன் அதன் பக்கம் போய் நின்றுகொள்ளலாம். இரண்டு இடத்திலும் இருந்தால் எங்கே நிற்பது?

நான் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அவள் தம்பிக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். ஒருநாள் கழனியிலிருந்து திரும்பி வந்தால், தெருக் குழாயிலிருந்து நம் வாசல் வரைக்கும் பள்ளம் வெட்டிக் கிடக்கிறது. பள்ளத்துக்குள் நின்று மண்ணை வாரி மேலே போட்டுக்கொண்டிருந்தவன் முனியன். "நீயாடா?" என்றேன். மண்வெட்டியை நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். "போர்டுல கூலிக்குக் கூப்டாங்க சாமி. உங்க வூடுன்னு இங்க வந்தப்புறம்தான் தெரியும்" என்றான். "போதும், ஏறி வந்துடு" என்றேன். "நான் ஏறினா வேற ஒருத்தன் எறங்குவான். எனக்கு இன்னிக்குக் கூலி போவும், அவ்ளோதான்" என்றான். பிறகு இன்னொரு வாரு மண்ணை மேலே போட்டுவிட்டு, "அம்மாவுக்குக் கால் முடியலன்னாங்க. பரவால்லீங்க, போட்டுக்குங்க" என்றான். அவன் அதை எனக்கு ஆறுதலாகச் சொன்னான். மகளைப் பறிகொடுத்தவன், பள்ளத்துக்குள் நின்றுகொண்டு, எனக்கு ஆறுதல் சொன்னான். நான் உள்ளே போய்த் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பொழுது சாயும்போது குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. உன் மாமன் கற்பூரம் கொளுத்தினான். உன் அம்மா தண்ணீரைக் கையில் பிடித்துப் பிடித்து முகத்தில் அடித்துக்கொண்டாள். அவள் அழுதாளா சிரித்தாளா என்று என்னால் சொல்ல முடியாது. அவளுக்கு அந்தச் சந்தோஷம் கிடைத்ததை நான் குறை சொல்லமாட்டேன். நீயும் ஒருநாளும் சொல்லக் கூடாது.

கல்யாணத்துக்கு நிற்கும் பிள்ளைக்குத் தகப்பன் நாலு புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். என்னிடம் என்ன இருக்கிறது? நல்லது செய் என்று எழுதலாம், அதைச் செய்தவன் கதையைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். கெட்டவர்களோடு சேராதே என்று எழுதலாம், இதில் கெட்டவர் என்று நான் யாரைக் காட்டுவேன்? மண்டிக்காரர் பேத்திக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் குழாய் கேட்டார். உன் மாமன் ஊரோடு ஒத்துப்போனான். உன் அம்மா கால்வலிக்குக் கேட்டாள். நீ வரப்போகிற பெண்ணுக்காகக் கேட்டாய். எல்லோரும் கேட்டது ஒவ்வொரு குழாய்தான். ஒருவேளை நான் தொட்டியை உயர்த்தாமல் விட்டிருந்தால், கடைத் தெருக்காரர்களுக்கு வீட்டுக் குழாய் என்ற ஆசையே வந்திருக்காது, ஓடைமேட்டில் விடியற்காலை நூல் தண்ணீராவது மிஞ்சியிருக்கும். படுத்தால் இந்தக் கணக்குத்தான் ஓடுகிறது, தூக்கம் வருவதில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். உன் மனைவி ஒரு பாரத்தைத் தூக்கினால், நீ உலகத்தைச் சீர்செய்யக் கிளம்புவதற்கு முன்னால் அதை வாங்கிக்கொள். அந்தச் சிறிய காரியத்தையும் நான் செய்யவில்லை, பெரிய காரியமும் என் கையில் நிற்கவில்லை. போர்டுக்கு நான் இப்போது போவதில்லை. போனாலும் பேசப்போவதில்லை என்பதால், போகாமல் இருப்பதே மரியாதை.

இன்று காலையில் எல்லம்மா வந்தாள். கொல்லைப்பக்கமாக வந்து வேலியோரம் நின்று அம்மாவைக் கூப்பிட்டாள். கல்யாண வேலைக்குப் பாத்திரம் தேய்க்க ஆள் வேண்டுமா என்று கேட்டாள். "ஆங், வா வா. உன்ன வுட்டா வேற யாரு?" என்றாள் உன் அம்மா. எல்லம்மா போகாமல் நின்றாள். "கூலி நீங்க பார்த்துக் குடுங்கம்மா. வேல முடிஞ்சப்புறம் தெனம் ஒரு கொடம் தண்ணி மட்டும் எடுத்துக்கினு போறேன். மருமவ முழுவாம கீறா, அவளுக்கு ஊத்துத் தண்ணி குடுக்க பயமா கீது" என்றாள். குழாய் முற்றத்தில் இருக்கிறது. அவள் முற்றத்துக்கு வரமுடியாது. உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். "கொடத்தக் கொல்லையிலயே வெச்சுடு, நாங்க பிடிச்சாந்து ஊத்தறோம்" என்று உன் அம்மாதான் சொன்னாள், அன்பாகவே சொன்னாள். எல்லம்மா கைகூப்பினாள். தன் தெருவில், தன் கையால் திருகி, மார்பில் அடிபட்டுச் சிரித்தவள், இனி தினமும் வந்து நம் கொல்லையில் காத்திருப்பாள். போகும்போது உன்னையும் விசாரித்தாள். "தம்பிக்குக் கண்ணாலம் நல்லபடியா நடக்கட்டும் சாமி. மாப்பிள்ளக் கோலத்துல கொல்லப்பக்கம் ஒருவாட்டி வரச்சொல்லுங்க, தூரத்துல நின்னு பாத்துட்டுப் போறேன்" என்றாள். சொல்லிவிட்டேன். வருவதும் வராததும் உன் இஷ்டம்.

இப்படிக்கு,
உன் நைனா.